காக்கா என்றால் அண்ணா

என் அண்ணாவை நான் காக்கா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா கொல்லைப்புறத்துக் காக்காயைக் காட்டிக் காட்டி எனக்குச் சோறு ஊட்டுவாளாம். அதனால் எனக்கு முதலில் வாயில் வந்த சொல் அது. ஆனால் நான் அதைச் சொன்னது மதில்மேல் இருந்த பறவையைப் பார்த்து அல்ல. பக்கத்தில் நின்று என் சோற்றில் பங்கு கேட்டுக்கொண்டிருந்த அண்ணாவைப் பார்த்து. அவனும் நல்ல கறுப்பு. மலையாள தேசத்துக் கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் தெருவே சிரித்தது. அம்மாவுக்கு மட்டும் கோபம். "காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீ யாருடி என் பிள்ளையைக் காக்காங்கறதுக்கு" என்று பேசத் தெரியாத குழந்தையோடு சண்டைக்கு நின்றாளாம். பெயர் என்னவோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவனுக்குப் பசி தாங்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியிலேயே ஏதாவது வாங்கித் தின்ன வேண்டும். பெரும்பாலும் நாரங்கா மிட்டாய், ஆரஞ்சுச் சுளை மாதிரி இருப்பது. எங்கள் வீடு எச்சில் பார்க்கிற வீடு. ஒருத்தர் வாய் வைத்ததை இன்னொருத்தர் தொடக் கூடாது. அதற்கு எல்லாக் குழந்தைகளும் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழிதான் காக்காக்கடி. சட்டைத் துணியில் மிட்டாயைச் சுற்றிக் கடித்தால் துணிதான் எச்சில், மிட்டாய் சுத்தம். பெரிய துண்டு எப்போதும் எனக்கு வரும். பசி தாங்காதவன் சின்னத் துண்டை எடுத்துக்கொள்வது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

படித்து முடித்துக் கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் போனான். அக்ரஹாரத்துப் பையன் கடல் தாண்டலாமா என்று கேட்ட மாமாக்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளே ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு விமானம் ஏறியதும் அந்தக் கேள்வி தானாக ஓய்ந்தது. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டு, ஊரிலேயே ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதும் வேலைக்குப் போனேன். அவன் கல்யாணம் செய்துகொண்டு எதிர்வரிசையில் வீடு பார்த்துக்கொண்டான். வருஷத்தில் பாதி நாள் கடல், பாதி நாள் கரமனை. கரைக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு காபி, அவன் வீட்டில் ஒரு காபி.

அவன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் எனக்குப் போன் வரும். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டான்.

"இங்க காக்கான்னா என்னன்னு தெரியுமோடீ? பறையட்டுமா?"

பறையட்டுமா என்பது மலையாளம். சொல்லட்டுமா என்று அர்த்தம். எங்கள் ஊர்த் தமிழில் இப்படிப் பாதி மலையாளம் கலந்துதான் வரும். பறையாமல் அவனுக்கும் இருப்புக் கொள்ளாது.

முதலில் மும்பையிலிருந்து ஆரம்பித்தது. அங்கே காகா என்றால் அப்பாவோடு பிறந்தவர். பிறகு மொம்பாசா. சரக்கு இறக்க வந்தவன் ஒருத்தன் இவனைப் பார்த்துக் கை நீட்டி "காகா" என்றானாம். ஸ்வாஹிலியில் அது அண்ணன். பாரசீக வளைகுடாவில் ஒரு குர்துக்காரர், அவருக்கும் அண்ணன். நியூசிலாந்தில் அது காட்டுக்கிளி. ஸ்பெயினிலிருந்து பேசியபோது மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு. "இங்க சொல்லவே கூடாதுடீ. நம்மாத்துக் குழந்தைகள் ராத்திரி அவசரமா எழுப்பிக் கக்கா வரதும்பாளே, அதேதானாக்கும்."

எதற்குக் கடல் தாண்ட வேண்டும், கோழிக்கோட்டுப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதானே கூப்பிடுகிறார்கள் என்று நான் சொன்னேன். அதை முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கோபித்துக்கொண்டான்.

நூலகத்தில் மதியம் சாப்பிட்டு முடித்ததும் நான் அகராதிகள் இருக்கிற அலமாரிக்குப் போய்விடுவேன். அவன் கொண்டுவருகிற சொல்லைச் சரிபார்க்காவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. அப்படித்தான் தெரிந்தது, தைவானில் படகேறிப் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பரவி, ஒரு பக்கம் மடகாஸ்கர் வரைக்கும் மறுபக்கம் நியூசிலாந்து வரைக்கும் போன ஒரு பெரிய ஜனக்கூட்டம் உண்டு என்பது. அவர்களுடைய மொழிகளுக்கு ஆஸ்திரோனேசிய மொழிகள் என்று பெயர். மலேசியாவில் காகாக் என்றால் அக்கா. இந்தோனேசியாவில் அக்காவாகவும் இருக்கலாம், அண்ணாவாகவும் இருக்கலாம். பிலிப்பைன்ஸின் வடக்கே இலோக்கானோ பேசுகிறவர்களுக்குக் காகா என்றால் கூடப் பிறந்தவர்களில் மூத்தவர். இதெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்த சொல் என்று புத்தகங்கள் சொல்லின. நியூசிலாந்துக் கிளி அந்தக் குடும்பத்து மொழியிலேயே வேறு சொல். ஸ்வாஹிலி அண்ணனுக்கும் குர்து அண்ணனுக்கும் நம் காக்காய்க்கும் இவர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையாம்" என்று அவனிடம் சொன்னேன். "காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாம்."

போனில் அவன் முகம் தெரியாது. ஆனாலும் வாடிப் போனது எனக்குத் தெரிந்தது. இத்தனை துறைமுகம் அலைந்து சேர்த்ததை இப்படி ஒரே வரியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே என்று எனக்கும் கஷ்டமாக இருந்தது. அதனால் எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொன்னேன். காக்காய்க்கு நாம் பெயர் வைக்கவில்லை, அது கத்தினதையே பெயராக எடுத்துக்கொண்டோம். அண்ணாவுக்கும் பெரியவர்கள் யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். பின்னால் பிறந்த ஏதோ ஒரு குழந்தை, வாய்க்கு எளிதாக வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கும். ஊருக்கு ஊர் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். பறவையும் சரி, குழந்தையும் சரி, பேசத் தெரியாத வாய்கள்.

"அப்போ நீ பொறந்ததுக்கப்புறம்தான் எனக்குப் பேரே வந்தது, இல்லையா" என்றான்.

"காக்கா பிடிக்காதே. பிடிச்சா ஒண்ணும் கிடைக்காது" என்று நான் போனை வைத்தேன்.

அவன் கப்பலில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலையில் இருந்த ஒருத்தர் இலோக்கானோ. தங்கை இவனைக் காக்கா என்று கூப்பிடுவாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவரும் காகா என்றே கூப்பிடத் தொடங்கினாராம். கடைசியில் கேப்டன் தவிர எல்லோருக்கும் அவன் காகா.

அந்தக் கப்பல் தென்சீனக் கடலில் போய்க்கொண்டிருந்தபோது, பின்தளத்தில் ஒரு விளக்கு எரியவில்லை என்று பார்க்கப் போனவன் திரும்பி வரவில்லை. அலை பெரிதாக இருந்ததாம். யாரும் பார்க்கவில்லை. கப்பலைத் திருப்பி, வெளிச்சம் இருக்கிறவரை சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்த செய்தியில் காணவில்லை என்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். காணவில்லை என்றால் காணவில்லை, அவ்வளவுதான். கடலில் மீன்பிடிப் படகு இல்லையா, தீவு இல்லையா? அத்தனை பாஷையிலும் அண்ணன் என்று கூப்பிடப்பட்டவனுக்கு ஒரு கரையிலாவது ஒருத்தன் கஞ்சி ஊற்ற மாட்டானா?

மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் சாஸ்திரிகளை வரச் சொன்னாள். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து அதற்கு நெருப்பு வைக்கிற முறை உண்டு. அதைச் செய்துவிடலாம் என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. தெருவைக் கடந்து போய் அவள் கூடத்தில் நின்றேன்.

"உடம்பைப் பாக்காம நெருப்பு வைக்கறேளே மன்னி, நாளைக்கு அவன் வாசல்ல வந்து நின்னா என்ன பண்ணுவேள்?"

"நின்னா காபி போட்டுக் குடுப்பேன்" என்றாள் மன்னி. குரல் உயரவில்லை. "நிக்கலைன்னா? எள்ளும் தண்ணியும் இல்லாம அலைவாரே. அவருக்குப் பசி தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

நான் திரும்பி வந்தேன். கரமனை ஆற்றங்கரையில் அந்தப் புல்லுருவத்தை எரித்தார்கள். மன்னியின் பிள்ளை பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அவன்தான் வந்து கொள்ளி வைத்தான். நான் போகவில்லை. அன்றிலிருந்து மன்னி என்னோடு பேசுவதில்லை, நான் அவளோடு பேசுவதில்லை. இரண்டு வாசலிலும் கோலம் போடும்போது முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வோம், அதோடு சரி.

அந்த வருஷம் பொங்கல் வந்தது. சாவு விழுந்த குடும்பத்தில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. பொங்கலுக்கு மறுநாள் கனு. எங்கள் வீடுகளில் பெண்கள் அன்று விடியற்காலையில், குளிப்பதற்கு முன்னால், மாடியில் மஞ்சள் இலையைப் பரப்பி, மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம் என்று சின்னச் சின்னப் பிடியாக வைத்துக் காக்காயைக் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும், காக்காய்க் கூட்டம் மாதிரி எங்கள் கூட்டமும் கலையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. அது உயிரோடு இருக்கிற அண்ணன் தம்பிகளுக்காகச் செய்வது. செத்தவர்களுக்கு வைக்கிற சோறு வேறு.

நான் கனு வைத்தேன். தீட்டு வீட்டுக்காரி மாடியில் மஞ்சள் சாதமா என்று தெரு முழுக்கப் பேச்சு. பேசட்டும் என்று விட்டேன். கனு வைக்கவில்லை என்றால் அவன் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த ஒரு நாளோடு நிறுத்தவும் எனக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் சாதம் வடித்ததும் மூன்று வண்ணத்திலும் பிசைந்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போவேன். ஒன்றிரண்டு வந்தது, பத்துப் பன்னிரண்டாகி, பிறகு ஆற்றங்கரை மரங்களில் இருந்ததெல்லாம் என் கைப்பிடிச் சுவரில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அது ஒன்றுதான் எனக்கு நேரம் தவறாத உத்தியோகம். நான் கா கா என்று கூப்பிடுவதில்லை. காக்கா என்று முழுசாகத்தான் கூப்பிடுவேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில், தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. எடுத்தால் வீடியோவில் ஒரு வட்ட முகம், பின்னால் வாழைத் தோட்டம். அந்த இலோக்கானோக்காரர். கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டாராம். உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். நீங்கள் காகாவின் தங்கைதானே என்று கேட்டார். வெளியாள் ஒருவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு அவரும் தேடியிருக்கிறார். மிதவையை வீசியிருக்கிறார். அந்தக் கடலில், அந்த அலையில், யாரும் அவ்வளவு நேரம் தாங்க முடியாது, அம்மா என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் ஒரு விஷயம் கேட்டார். அவர்கள் ஊரில் நவம்பரில் இறந்தவர்களுக்கு ஒரு தட்டில் சோறும் அரிசிப் பலகாரமும் எடுத்து வைப்பார்களாம். அதற்கு ஆதாங் என்று பெயராம். அவருடைய தாயார் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு வைக்கிறபோது காகாவுக்கும் சேர்த்து வைக்கிறார்களாம். "எங்களுக்கும் மூத்தவர்தானே. நாங்கள் தொடர்ந்து வைக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

எனக்கு வந்த கோபத்தில் போனை அணைத்திருப்பேன். யாரைக் கேட்டு என் அண்ணாவைச் செத்தவர்களோடு உட்கார வைத்தீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு கேள்வி. அந்தச் சோற்றை யார் சாப்பிடுவார்கள், காக்காயா என்று கேட்டேன்.

"காக்காய் வர வேண்டியதில்லை அம்மா. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு நாங்களே சாப்பிடுவோம்."

சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை. முகம் தெரியாத ஒரு தாய், எந்தச் சண்டையும் போடாமல், அவனைத் தன் வீட்டு மூத்த பிள்ளையாக எடுத்துத் தட்டு வைத்துவிட்டாள். இங்கே எதிர்வீட்டில் அவன் பெண்டாட்டி வைக்கிற சோற்றை நான் இத்தனை நாள் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் மறுநாள் காலை மூன்று வண்ணச் சாதம் பிசையத்தான் செய்தேன். கை பழகிப் போயிருந்தது.

இந்த வருஷம் அவன் திதி ஒரு வெயில் நாளில் வந்தது. எதிர்வீட்டில் காலையிலிருந்து புகை, நெய் வாசனை, பெங்களூர்ப் பிள்ளையின் குரலில் மந்திரம். சாஸ்திரிகள் சாப்பிட்டு எழுந்ததும் காக்காய்க்குப் பிண்டம் வைக்க வேண்டும். அது வந்து எடுத்த பிறகுதான் வீட்டு மனிதர்கள் இலையில் உட்காரலாம். பித்ருக்கள் ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். அவர்கள் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டுக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. கா கா என்று பிள்ளை கூப்பிட்டான். சாஸ்திரிகள் கூப்பிட்டார். இங்கத்துக் காக்காய்க்குத் தமிழ் தெரியுமோ என்னவோ என்று நினைத்தார்களோ, மலையாளத்தார் பலியிடும்போது செய்வது போல ஈரக்கையைத் தட்டிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. ஒன்றும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

வேண்டுமென்றே நான் செய்தேன் என்று பிறகு தெருவில் பேசினார்களாம். அப்படி இல்லை. எப்போதும் வைப்பதைத்தான் வைத்தேன், எப்போதும் வருவதுதான் வந்தது. இரண்டு வரிசைக் காக்காய்களும் வயிறு நிறைந்து என் மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

மத்தியானம் சாய்ந்த பிறகு என் வாசலில் நிழல் தட்டியது. மன்னி நின்றாள். பின்னால் அவள் பிள்ளை, ஈரம் காயாத பஞ்சகச்சத்தோடு, கையில் வாழை இலைத் துண்டு, அதில் எள் கலந்த சோற்று உருண்டை. மன்னியின் உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாத முகம்.

"காக்கா எல்லாம் உங்காத்து மாடிலதான் இருக்கு" என்றாள். "அங்க வச்சுக்கட்டுமா?"

என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் கேட்டது அவ்வளவுதான். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

பிள்ளை கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டுப் பின்வாங்கினான். புதுமனிதர்களைக் கண்டதும் அத்தனையும் எழும்பித் தண்ணீர்த் தொட்டி மேலேயும் தென்னை மட்டையிலும் போய் உட்கார்ந்துகொண்டன. அவன் கூப்பிட்டான். தலையைச் சாய்த்துப் பார்த்தன, வரவில்லை.

"அத்தை" என்றான் அவன், அழுகிற குரலில்.

மன்னி என் பக்கம் திரும்பினாள். "உன் குரல்தான் அதுகளுக்குத் தெரியும். நீ கூப்பிடு."

அந்த இலையில் இருந்தது கனுச் சோறு இல்லை. அது வெள்ளைச் சோறு, எள் கலந்தது, செத்தவனுக்கு வைக்கிற சோறு. அதைப் பார்த்துக்கொண்டு நான் கூப்பிட்டால், அவன் போய்விட்டான் என்று என் வாயால் சொன்னதாக அர்த்தம். கூப்பிடாவிட்டால் மன்னி அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். அவளைப் பொறுத்தவரை அவனும் சாப்பிட மாட்டான். நாரங்கா மிட்டாயில் சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு, பசிக்கவில்லை என்று பொய் சொல்லுகிற அந்தப் பையனின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

மன்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"காக்கா" என்றேன். "காக்கா, சாதம் வச்சிருக்கு. வந்து சாப்பிடு."

தொட்டி மேல் இருந்த ஒன்று இறங்கி வந்தது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. ஒரு வாய் எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்திக் கத்தி, மற்றதையும் கூப்பிட்டது. மன்னி அப்படியே வெயில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் போன நாளிலிருந்து நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுது முடிக்கிற வரைக்கும் பிள்ளை எங்களுக்கு வெயில் படாமல் மேல்துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எழுந்திருங்கோ மன்னி, சாப்பிடலாம்" என்றேன். அவர்கள் வீட்டில் எனக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள். அவன் திதிச் சாப்பாட்டை நான் சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

அன்று மாலையே பிலிப்பைன்ஸுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். உங்கள் அம்மாவைத் தட்டு வைக்கச் சொல்லுங்கள், காகாவுக்குப் பசி தாங்காது, கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

பொங்கல் வந்தது. கடைத்தெருவில் கட்டுக் கட்டாக மஞ்சள் இலை வந்திருந்தது. இந்தத் தடவை நான் வாங்கவில்லை.